ரிஹ் தில் போகும் வழியை அடைக்காதீர்கள்: உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஒன்றிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கும், எல்லைப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாட்டுக்காரன். மிசோரம் மாநிலத்தின் சம்பாய் ஊரில் நான்கு வருடம் கணக்கு ஆசிரியராக வேலை பார்த்தேன். இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். என் ஊர்க்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

2024 பிப்ரவரியில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. 1,643 கிலோமீட்டர் மியான்மர் எல்லை முழுவதற்கும் வேலி போடப்படும் என்பது ஒன்று. எல்லையோர மக்கள் விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வர இருந்த ஏற்பாடு நிறுத்தப்படும் என்பது இன்னொன்று. அந்த மாதக் கடைசியிலேயே மிசோரம் சட்டமன்றம் இரண்டையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த வருடக் கடைசியில் 16 கிலோமீட்டர் 10 ஆகச் சுருங்கி, அதற்கும் எல்லைச் சீட்டு வாங்க வேண்டும் என்று விதி வந்தது. வேலிக்கும் அதை ஒட்டிய சாலைக்கும் 31,000 கோடி ரூபாய் என்று செய்தியில் படித்தேன்.

மிசோரத்தின் பங்குக்கு 510 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. நான் பேச வந்தது அதில் ஒரு சின்ன இடத்தைப் பற்றி. எல்லையான தியாவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மியான்மருக்குள் நாலைந்து கிலோமீட்டரில் ரிஹ் தில் வந்துவிடும். தில் என்றால் ஏரி. அந்த ஏரிக்குப் போகும் வழியைப் பற்றித்தான் இந்த மடல்.

தியாவ் எல்லை ஆறுதான். ஆனால் மழை ஓய்ந்து சில மாதம் ஆனால் தண்ணீர் முழங்காலுக்குத்தான் வரும். இக்கரையில் ஜோகோதர், அக்கரையில் கோமோய், அதை அடுத்து ரிஹ்கோதர். நான் பார்த்த நாட்களில் இரண்டு கரையிலும் பெண்கள் துணி துவைத்துக்கொண்டே ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலத்தில் காவலர்கள் நிற்பார்கள். சந்தைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோழிக் கூடையோடு வருகிற கிழவிகள் என்று எல்லாரும் அந்தப் பாலத்தின் மேல்தான் போய்வருவார்கள்.

மிசோரத்தின் பெரிய ஏரி மியான்மரில் இருக்கிறது என்று மிசோக்கள் சொல்வதுண்டு. முதல் தடவை கேட்டபோது எனக்குப் புரியவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிதான் விளக்கினார். வயதில் மூத்த பெண்ணை அங்கே 'பி' என்று மரியாதையாக அழைப்பார்கள். நானும் அவரைப் பி என்றே கூப்பிட்டேன். அவர் என்னைச் சார் என்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கே அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேச்சு. அடுப்புக்கு மேல் மூங்கில் தட்டியில் பன்றிக்கறி புகையில் காய்ந்துகொண்டிருக்கும். ரிஹியின் கதையை அங்கேதான் கேட்டேன்.

அக்கா, தங்கை என்று இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ரிஹி. தாய் செத்துப்போக, சிற்றன்னை வருகிறாள். அவள் பேச்சைக் கேட்டு அப்பனே சின்னவளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொன்றுவிடுகிறான். தேடிப் போன ரிஹி தங்கையின் உடலைக் கண்டு அழுகிறாள். காட்டில் இருக்கும் லாசி என்ற தேவதை இரங்கி ஒரு மரத்தைக் காட்ட, அதன் இலையால் தங்கைக்கு உயிர் வருகிறது. எழுந்தவள் தாகம் என்கிறாள். சுற்றிலும் தண்ணீர் இல்லை. ரிஹி தானே தண்ணீராகிவிடுகிறாள். தங்கை குடிக்கிறாள். அந்தத் தண்ணீர்தான் பின்னால் ஏரியானது.

பி இந்தக் கதையைச் சொல்லும்போது தங்கையின் தாகத்துக்கு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவருக்கும் ஒரு அக்கா இருந்தார், எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்து.

ஏரியின் கதை அத்தோடு முடியவில்லை. மிசோக்களின் முன்னோர் நம்பிக்கைப்படி, சாகிற ஒவ்வொரு உயிரும் ரிஹ் தில்லைக் கடந்துதான் மேலே போக வேண்டும். ஏரியைத் தாண்டி ஹ்ரிங்லாங் என்ற மலை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் விட்டுவந்த ஊரும் வீடும் தெரியும். உயிர் அழும். அப்புறம் அங்கே பூத்திருக்கும் ஹோய்லோபார் என்ற பூவைப் பறித்துச் சூடிக்கொள்ளும். திரும்பிப் பார்க்காத பூ என்று அதற்குப் பொருள். லுங்லோ என்ற சுனையின் தண்ணீரைக் குடித்ததும் ஏக்கம் விட்டுப்போகும். அதன் பிறகுதான் இறந்தவர்களின் ஊரான மித்தி குவாவுக்குப் போக மனம் வரும்.

அந்த ஊர் வாசலில் பு போலா உட்கார்ந்திருக்கிறார். உலகத்தில் முதன்முதலாக இறந்தவர் அவர்தான். வருகிற உயிர்களை உண்டிவில்லால் அடிப்பார். அடிபட்டவர்களால் பியால் ஆற்றைக் கடக்க முடியாது. மித்தி குவாவிலேயே தங்கிவிட வேண்டியதுதான். கைக்குழந்தைகளை அவர் அடிப்பதில்லை. தாங்சுவா என்ற பேர் எடுத்தவர்களையும் அடிப்பதில்லை. பெரிய விலங்குகளை வேட்டையாடியோ, ஊர் முழுக்கக் கூப்பிட்டு வரிசையாக விருந்து வைத்தோ அந்தப் பேரை எடுக்க வேண்டும். அவர்கள் மட்டும் ஆற்றைக் கடந்து பியால்ராலுக்குப் போவார்கள்.

பியால்ராலில் என்ன இருக்கும் என்று கேட்டேன். நம் ஊர்க் கதைகளைப் போலப் பொன்மாளிகை, கற்பக மரம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அங்கே குத்தின அரிசி கிடைக்கும், சார்" என்றார். அவ்வளவுதான் சொர்க்கம். செங்குத்தான மலைச்சரிவில் காட்டை வெட்டி, எரித்து, விதைத்து, களை பறித்து, அறுத்து, முதுகில் கூடை சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, விடியுமுன் எழுந்து உரலில் குத்திச் சோறாக்கிய பெண்களின் ஊர் அது. அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைக்கும் இடத்தைத்தான் அவர்கள் மேலுலகம் என்று கற்பனை செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த எந்தச் சொர்க்கத்தைவிடவும் இது மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது.

உங்கள் அதிகாரிகளில் யாராவது இந்த இடத்தில் கேட்கலாம்: மிசோரத்தில் 2011 கணக்கெடுப்புப்படி 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்களாயிற்றே, இந்தப் பழைய நம்பிக்கை இன்னும் யாருக்கு இருக்கிறது என்று. சரி, நியாயமான கேள்விதான். 1894 ஜனவரி 11இல் இரண்டு மிஷனரிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தத் தேதியை இன்றும் மாநிலமே கொண்டாடுகிறது. இப்போது யாரும் ரிஹ் தில்லில் பூசை செய்வதில்லை. ஆனால் கடவுளுக்குப் பழைய காலத்தில் இருந்த பதியான் என்ற பெயர்தான் அவர்கள் பைபிளிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் தேவாலயத்துக்குள் விடாத முரசுதான் இன்று ஒவ்வொரு ஆராதனையிலும் முழங்குகிறது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் செரோ என்ற மூங்கில் ஆட்டம், பிரசவத்தில் இறந்த பெண்ணின் உயிர் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஆடிய ஆட்டம் என்று சொல்வார்கள். 2010 மார்ச்சில் தலைநகர் ஐஸ்வாலில் 10,736 பேர் ஒன்றாக ஆடிக் கின்னஸ் சாதனை படைத்ததும் அதே ஆட்டம்தான். சோளம் விளையும் காலத்தில் வருகிற மிம் குட் பண்டிகையிலே, முன்பெல்லாம் புது விளைச்சல் முதலில் இறந்தவர்களுக்குத்தான். படையல் போட்டுப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை சாவுச் சடங்கில் எப்படித் தங்கியிருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்ததால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஒரு குளிர்கால இரவு ஏழு மணி வாக்கில் பியின் அக்கா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. பி அழவில்லை. எழுந்து போய்த் தன் மரப்பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புப் புவானை எடுத்தார். புவான் என்பது அவர்கள் தறியில் நெய்து இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி. புவான்தும் என்கிற இந்தக் கறுப்புத் துணியில் வண்ணக் கோடுகள் ஓடும். துக்கத்துக்கு உரியது. கல்யாணமாகிப் போகிற பெண் சீரோடு இதையும் கொண்டுபோவாள், ஒருநாள் புருஷன் மேல் போர்த்த வேண்டியிருக்கும் என்பதற்காக. பி அதை மடியில் வைத்து ஒருமுறை நீவிவிட்டு, மறுபடி மடித்துப் பையில் வைத்தார். அதற்குள் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது. ஒருவர் வண்டி கொண்டுவந்திருந்தார். வாடகைப் பேச்சே எழவில்லை.

இருட்டினால் பாலத்துக் கேட் மூடியிருக்கும். சாவு என்று சொன்னதும் அன்று திறந்துவிட்டார்கள். அந்தக் காவலர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். நான் வெளியாள் என்பதால் மறுநாள் காலையில் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் இளைஞர்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி கிடையாது. இரவு முழுக்க முரசோடு பாடிக்கொண்டு உடலின் பக்கத்தில் விழித்திருந்தவர்களும் அவர்கள்தான். பாறையும் களிமண்ணும் கலந்த மண். ஒருவன் களைத்தால் இன்னொருவன் குழிக்குள் இறங்கினான், யாரும் யாரையும் ஏவவில்லை. சம்பாயிலும் இதேதான்; அங்கே ஒய்.எம்.ஏ. என்கிற இளையோர் சங்கம் முன்னின்று செய்யும். 1935இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சேராத வீடு அரிது. அடக்கம் முடிந்த பிறகும் சில இரவுகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு வந்து பாடுவார்கள். துக்க வீட்டைத் தனியே விடக் கூடாது. தன்னைப் பின்னால் தள்ளிப் பிறருக்கு ஓடுவதை த்லோம்ஙைனா என்பார்கள். முன்பு இளைஞர்கள் ஊர்ப் பொது விடுதியில் ஒன்றாகத் தங்கிக் கற்றுக்கொண்ட பண்பு இது. அந்த விடுதிகள் போய்விட்டன, பண்பு நிற்கிறது.

திரும்பும்போது வண்டி ரிஹ் தில் கரையில் நின்றது. இதய வடிவ ஏரி. காற்றே இல்லாத மத்தியானம், தண்ணீரில் மலை அப்படியே தலைகீழாக நின்றது. பி கரைவரை இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார்.

"என் அக்கா ஆண்டவரிடம் போய்விட்டாள், சார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார். பிறகு, "ஆனால் அம்மா சொன்ன வழி இதுதான். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டால் மனசு அடங்குகிறது" என்றார்.

ஐயா, உங்கள் எல்லைச் சீட்டு விதிகளில் ஒருவர் எத்தனை நாள் தங்கலாம் என்று இருக்கிறது. சாவு முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. அங்கே இன்று இறந்தால் நாளை அடக்கம். அலுவலகம் திறந்து, படிவம் நிரப்பி, கைரேகை வைத்து, சீட்டு கையில் வருவதற்குள் குழி மூடியிருக்கும். புவான்தும் பையிலேயே இருக்கும்.

இந்த மக்கள் இரண்டு நாடுகளில் இருப்பது அவர்கள் விரும்பிச் செய்த ஏற்பாடு இல்லை. சின்லுங் என்ற குகையிலிருந்து தங்கள் முன்னோர் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள் என்பது அவர்களின் தோற்றக் கதை. ரால்தே குலத்தார் வந்தபோது பேச்சுச் சத்தம் தாங்காமல், போதும் ஜனம் என்று கடவுள் கல்லை வைத்து மூடிவிட்டாராம். ரால்தேக்கள் முன்னிலையிலேயே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஹ்மார், பைதே, தாடோ, லாய், மாரா என்று எத்தனையோ கிளைகள். ஆங்கிலேயர்கள் ஒரு பக்கத்தாரைக் குக்கி என்றார்கள், ஒரு பக்கத்தாரை லுஷாய் என்றார்கள், கிழக்கே இருந்தவர்களைச் சின் என்றார்கள். மொழி ஆராய்ச்சியாளர்கள் இந்த மொழிகளைக் குக்கி-சின் என்று ஒரே குடும்பமாகத்தான் வைக்கிறார்கள். 1892இல் கல்கத்தாவில் கூடிய அதிகாரிகள் சின், லுஷாய் மலைகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தார்கள். நடக்கவில்லை. 1937இல் பர்மா தனியாகப் பிரிந்தபோது கோடு நிலையாகிவிட்டது. பியும் அவர் அக்காவும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் குடும்பம் நடத்தினார்கள்.

கோட்டைத் தாண்டி ஓட வேண்டிய நிலை இரண்டு பக்கத்துக்கும் வந்திருக்கிறது. 1959இல் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சல் போய்ப் பஞ்சம் வந்தது. அதை அரசு கண்டுகொள்ளாததில் பிறந்த கோபம் 1966இல் கிளர்ச்சியானது. அந்த மார்ச்சில் நம் விமானங்களே ஐஸ்வால் மீது குண்டு போட்டன. பின்னால் நூற்றுக்கணக்கான கிராமங்களைக் காலி செய்து ராணுவக் காவலில் சாலையோரத்தில் குடியேற்றினார்கள். அப்போது தியாவைத் தாண்டிப் போன மிசோக் குடும்பங்களுக்குச் சின் மலையில் இருந்த உறவினர்கள் சோறு போட்டார்கள். பி அப்போது சிறுமி. அக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பல மாதம் தூங்கியதாகச் சொல்வார். 2021 பிப்ரவரி 1இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஓட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி உங்கள் அமைச்சகத்திலிருந்து கடிதம் போனது. அவர்கள் எங்கள் ரத்த உறவுகள், முகம் திருப்ப முடியாது என்று அன்றைய முதல்வர் ஸோரம்தங்கா பிரதமருக்கு எழுதினார். 30,000 பேருக்கும் மேல் வந்தார்கள். தேவாலயங்களும் ஒய்.எம்.ஏ.வும் சாதாரண வீடுகளும்தான் அவர்களைத் தாங்கின. வீட்டில் இருந்த ஒரு அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டதாகப் பி போனில் சொன்னார். திண்ணைக் கடன் தீர்ந்தது என்றார்.

எல்லையில் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. போதைப்பொருள் அந்த வழியாக வருகிறது. என்னிடம் படித்த ஒரு பையனை அது தின்றுவிட்டது. அவன் கணக்கில் கெட்டிக்காரன். அந்த ஊர்த் தாய்மார் உங்களைவிட அதிகமாக அதை வெறுக்கிறார்கள், சங்கத்துப் பிள்ளைகள் ராத்திரி முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள். சரக்கைப் பாலத்தில் பிடியுங்கள். வண்டிகளைச் சோதிக்க நல்ல கருவி வையுங்கள். கடத்தல்காரனுக்குப் பின்னால் இருக்கிற பணக்காரனைப் பிடியுங்கள். கோழிக் கூடையோடு அக்கா வீட்டுக்குப் போகிறவளை மறிப்பதால் அது நிற்காது.

நம் அரசியல் சாசனத்தின் 371ஜி பிரிவு, மிசோக்களின் சமய, சமூக வழக்கங்களைத் தொடும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் அவர்கள் சட்டமன்றம் ஏற்காமல் அங்கே செல்லாது என்கிறது. இருபது வருடப் போருக்குப் பிறகு 1986 ஜூன் 30இல் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தின் பலன் அது. வேலி போடுவது சட்டம் இயற்றுவது ஆகாது என்று உங்கள் வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் சாவுக்குப் போவதைவிடப் பெரிய சமூக வழக்கம் அந்த ஊரில் எதுவும் இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. எங்கள் ராமேசுவரத்திலிருந்து வருடா வருடம் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் படகுகள் போகின்றன. தீவு இலங்கையிடம் இருக்கிறது. ஆனாலும் யாத்திரை போகிறவர்கள் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் போய்வரலாம் என்று 1974 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. 2019இல் கர்த்தார்பூருக்குச் சீக்கியர்கள் விசா இல்லாமல் போக வழி திறந்தீர்கள், அதுவும் பாகிஸ்தானுக்குள்ளே. ரிஹ் தில்லுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

ஜோகோதரில் தியாவ் கரையை ஒட்டி வேலி போடாதீர்கள். சாவு, கல்யாணம் இரண்டுக்கும் சீட்டு இல்லாமல் பாலத்தைக் கடக்கவிடுங்கள். கிராமக் குழுவின் ஒரு வரிக் கடிதம் போதும் என்று ஆக்குங்கள். ராத்திரி ஆனாலும் கேட் திறக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கட்டும். அன்று எங்களுக்குத் திறந்தது காவலர்களின் நல்ல மனசு, நாளைக்கு அங்கே யார் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. ரிஹ் தில்லை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவர மியான்மரோடு பேசி ஒப்பந்தம் போடுங்கள். அங்கே இன்று சண்டை நடப்பதால் அது நாளாகலாம். அதுவரை வழியை மூடாமல் வைத்திருந்தாலே போதும்.

முடிவெடுக்கும் முன்பு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஐஸ்வாலிலிருந்து சம்பாய்க்கு மலைப்பாதையில் ஒரு நாள் ஆகிவிடும். சம்பாய் மாவட்டத்தின் வாங்சியா கிராமத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மனித உருவமும் மாட்டுத் தலையும் ஈட்டியும் செதுக்கியிருப்பார்கள். அதையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்; கடை எதுவும் திறந்திருக்காது, ஊரே தேவாலயத்தில் இருக்கும். மற்ற நாளில் போனால் எந்த வீட்டிலும் முதலில் உட்காரச் சொல்லித் தேநீர் தருவார்கள். பி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ரிஹியின் கதையை அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
சம்பாயில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தமிழ் ஆசிரியர்